காலை ஐந்து மணிக்கு வார்டில் இருங்கள்: அமெரிக்காவுக்கு சர்ஜரி எலெக்டிவ் போகிறவர்களுக்கு

எம்பிபிஎஸ் கடைசி வருடத்தில் இருக்கும் ஜூனியர்கள் அமெரிக்காவில் நாலு வாரம் ஜெனரல் சர்ஜரி எலெக்டிவ், அதாவது நாமே தேர்ந்தெடுத்துப் போகும் மருத்துவமனைப் பயிற்சி, போவது பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விசா, செலவு எல்லாம் பேசி முடித்ததும் கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: "அக்கா, அங்கே ஆபரேஷனில் கை வைக்க விடுவார்களா?" விடுவார்கள். யாரை விடுவார்கள் என்றால், தன் நோயாளியைப் பற்றி டீமில் வேறு யாரையும்விட அதிகமாகத் தெரிந்து வைத்திருக்கிற மாணவரை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கிருந்து போகிற பலர் முடிச்சு போடுவதை மட்டும் பழகிக்கொண்டு போய், முதல் வாரம் முழுக்க ஓரமாக நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

முதலில் பேப்பர் வேலை

எலெக்டிவ் வேறு, அப்சர்வர்ஷிப் வேறு. எலெக்டிவ் என்றால் அங்குள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நீங்கள் மாணவராகச் சேர்கிறீர்கள்; நோயாளியிடம் பேசலாம், பரிசோதிக்கலாம், ஸ்க்ரப் செய்து, அதாவது கையைக் கிருமி இல்லாமல் கழுவிக் கவுனும் கையுறையும் போட்டு, ஆபரேஷன் டேபிள் பக்கத்தில் நிற்கலாம். அப்சர்வர்ஷிப்பில் பார்க்க மட்டும்தான் அனுமதி. பட்டம் கைக்கு வந்துவிட்டால் எலெக்டிவ் கதவு பெரும்பாலும் மூடிவிடும், அதனால் படிக்கும்போதே போக வேண்டும். நம் ஊரில் சிஆர்ஆர்ஐ என்ற ஒரு வருடக் கட்டாயப் பயிற்சி முடித்த பிறகுதான் பட்டம் வருகிறது. அந்த ஒரு வருடத்தை மாணவர் காலமாகச் சில கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது. யூகிக்காதீர்கள், அந்தக் கல்லூரி அலுவலகத்துக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், வந்த பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் விஎஸ்எல்ஓ என்ற தளம் வழியாகப் போகும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்துவது அது. உங்கள் கல்லூரி அதில் உறுப்பினராக இருந்தால்தான் அந்த வழி திறக்கும், டீன் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நேரடி விண்ணப்பம் வாங்கும் கல்லூரிகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், அது பொறுமை கேட்கிற வேலை. அமெரிக்க மாணவர்கள் தங்கள் மேட்சுக்கு, அதாவது மேற்பயிற்சி இடம் ஒதுக்கும் முறைக்கு, விண்ணப்பிப்பதற்கு முன்னால் கோடையிலும் அதை ஒட்டியும் வேறு ஊர்களுக்கு எலெக்டிவ் போவதால் அந்த மாதங்களில் வெளிநாட்டவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஜனவரியிலிருந்து மே வரைக்குள் பாருங்கள். எட்டு ஒன்பது மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள். சில இடங்களில் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயின் ஸ்டெப் 1 பாஸ் செய்திருக்க வேண்டும் என்பார்கள். 2022 ஜனவரியிலிருந்து அதில் மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான். தொழில்சார் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள், ஒரு வழக்குக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 30 லட்சம் டாலர் என்ற அளவில். தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாணவர்களுக்கான பாலிசி அந்தத் தொகைக்குத் தனியாகவே கிடைக்கிறது. உடல்நலக் காப்பீடு இதோடு சேராது, அதையும் எடுக்க வேண்டும்.

நிறையப் பேருக்குத் தாமதம் ஆவது தடுப்பூசிப் படிவத்தில்தான். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசியும் முதல் வருடமே போட்டாச்சு என்று சொன்னால் போதாது, ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு எண்ணாக வேண்டும். 10க்குக் கீழே இருந்தால் மறுபடி ஊசி, ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை, அதிலும் ஏறவில்லை என்றால் முழுத் தொடரையும் திரும்பப் போட வேண்டியிருக்கும், அதற்கு ஆறு மாதம் ஓடிவிடும். அதனால் விண்ணப்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்த வாரமே இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். தட்டம்மை, சின்னம்மை, டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான்) எல்லாவற்றுக்கும் தேதியோடு சான்று வேண்டும். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்ப்பதைவிட ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனை நமக்கு நல்லது, ஏனென்றால் பிறந்ததும் போட்ட பிசிஜி தோல் பரிசோதனையைப் பாசிட்டிவாகக் காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனையை அது கெடுக்காது.

விசா பி-1. மருத்துவ மாணவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், சம்பளம் இல்லாமல், தன் படிப்பின் பகுதியாகச் செய்யும் எலெக்டிவுக்கு அந்த வகையிலேயே இடம் இருக்கிறது. அங்கிருந்து வந்த கடிதத்தில் தேதியும், சம்பளம் இல்லை என்பதும் இருக்கட்டும்; இது படிப்பின் பகுதி என்று உங்கள் டீன் கடிதம் சொல்லட்டும். சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஜன்னலுக்கு முன்னால் நிற்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொல்லி யாராவது அறிவுரை கொடுத்தால் கேட்காதீர்கள், பிறகு ஏர்போர்ட்டில் பையிலிருந்து வெள்ளைக் கோட்டும் எலெக்டிவ் கடிதமும் வெளியே வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

இன்னொன்று. பணம் வாங்கிக்கொண்டு 'ஹேண்ட்ஸ் ஆன் சர்ஜரி' ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அனுப்புவது ஒரு தனியார் கிளினிக்குக்கு. அங்கே மருத்துவக் கல்லூரி கிடையாது, மாணவருக்குக் காப்பீடு கிடையாது, நோயாளியைத் தொட உங்களுக்கு உரிமையும் இல்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்பாவின் பிஎஃப் பணத்தைக் கட்டிவிட்டுப் போய் நாலு வாரம் வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். எந்தக் கல்லூரியின் பெயரில் எலெக்டிவ், எந்த அலுவலகம் உங்களைப் பதிவு செய்கிறது, இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

போவதற்கு முன் பழக வேண்டியது

முடிச்சு, சரி, அது வேண்டும். இரண்டு கை ஸ்கொயர் முடிச்சு கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்கு வரட்டும், அப்புறம் ஒரு கை முடிச்சு. வீட்டு நாற்காலிக் கையில் நூலைக் கட்டிப் பழகலாம். தோலுக்கு அடியில் ஓடும் சப்கியூட்டிகுலர் தையலை ஒரு துண்டு ஃபோமில் ஐம்பது தடவை போட்டுப் பாருங்கள், கடைசியில் காயத்தை மூடும்போது மாணவர் கையில் கொடுப்பது அதைத்தான்.

அதைவிட முக்கியம் வார்த்தைகள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயை நாம் ரைல்ஸ் ட்யூப் என்றால் அங்கே யாருக்கும் புரியாது, என்ஜி ட்யூப் என்று சொல்ல வேண்டும். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபினெஃப்ரின், சால்ப்யூடமால் அல்ப்யூட்டரால், பெத்திடின் மெப்பெரிடின். ஐசிடி என்று நாம் சொல்வது செஸ்ட் ட்யூப். தியேட்டர் என்றால் சினிமா, ஆபரேஷனுக்கு நாம் போவது ஓஆர். நம் ஊர் பிராண்ட் பெயர்களை மறந்துவிட்டு மருந்தின் பொதுப்பெயரை மட்டும் சொல்லப் பழகுங்கள். எண்களிலும் இதே சிக்கல்தான். முதல் நாள் ரவுண்ட்ஸில் நான் பிளேட்லெட் இரண்டரை லட்சம் என்று சொல்ல, சீஃப் ரெசிடென்ட் (பயிற்சியில் இருக்கும் டாக்டர்களில் மூத்தவர்) முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை. அங்கே அது வெறும் 250. வெள்ளணுக்கள் பன்னிரண்டாயிரம் என்றால் 12. வீட்டிலேயே பத்து கேஸ் எடுத்து இந்த முறையில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அழைக்கும் விதமும் மாறும். டீமுக்குப் பொறுப்பான மூத்த சர்ஜனான அட்டெண்டிங்கை டாக்டர் என்று சொல்லிக் குடும்பப் பெயரைச் சேர்த்து அழைக்க வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் சார், மேடம் வேண்டாம். ரெசிடென்ட்கள் தங்கள் முதல் பெயரைச் சொன்னால் அப்படியே கூப்பிடலாம். நர்ஸை சிஸ்டர் என்று அழைக்காதீர்கள், பெயரைக் கேட்டுப் பெயரால் அழையுங்கள். எனக்கு இது வாயில் வர ஒரு வாரம் ஆனது.

காலை ஐந்து மணி

ரவுண்ட்ஸ் ஆறு மணிக்கு என்றால் நீங்கள் ஐந்து மணிக்கு, நோயாளிகள் அதிகம் இருந்தால் நாலரைக்கு, வார்டில் இருக்க வேண்டும். ஏழேகால், ஏழரைக்கு முதல் கேஸ் ஓஆருக்குள் போய்விடும், அதற்குள் எல்லா நோயாளியையும் டீம் பார்த்து முடிக்க வேண்டும். முதல் வாரம் இரண்டு நோயாளி போதும், அவசரப்பட்டு ஐந்து கேட்டு வாங்காதீர்கள். முதலில் இரவு நர்ஸிடம் போய் ராத்திரி என்ன நடந்தது என்று கேளுங்கள், கம்ப்யூட்டரில் ஏறாத விஷயம் அவர்களிடம்தான் இருக்கும். பிறகு அதிகபட்சக் காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது என்று பாருங்கள். பெரியவர்களுக்கு மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். ட்ரெய்ன் (உள்ளே சேரும் திரவத்தை வெளியே எடுக்கும் குழாய்) இருந்தால் அளவை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள், நிறத்தைக் கண்ணால் பாருங்கள்: நேற்று வெளிறிய சிவப்பாக இருந்தது இன்று பச்சையா, கலங்கலா என்பதுதான் கேள்வி. காயத்தைப் பாருங்கள், கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள். வயிற்று ஆபரேஷன் ஆனவரிடம் காற்று பிரிந்ததா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், அந்த டீமில் எல்லோரும் காத்திருப்பது அந்த ஒரு செய்திக்குத்தான்.

தூங்குகிறவரை எழுப்பும்போது முதலில் பெயரைச் சொல்லி, மருத்துவ மாணவர் என்று சொல்லி, பரிசோதிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மார்பு, ஆசனவாய்ப் பரிசோதனைக்குத் தனியாகப் போகாதீர்கள், உடன் ஒருவர் இருக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் பயிற்சிக்காக இத்தகைய பரிசோதனை செய்ய அவருடைய முன்சம்மதம் வேண்டும் என்று 2024இல் மருத்துவமனைகளுக்கு அந்த நாட்டு அரசு தெளிவாகவே சொல்லிவிட்டது. தமிழ் மட்டும் பேசும் பாட்டி ஒருவர் வந்து படுத்தால் உங்களைக் கூப்பிடுவார்கள், உங்களுக்கும் ஆசையாக இருக்கும். ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம். சம்மதம் வாங்குவது, நோயின் விவரம் சொல்வது ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது அழைக்கச் சொல்லுங்கள். நம் வீட்டுத் தமிழில் 'கட்டி' என்று சொன்னால் எந்தக் கட்டி என்று அவர் எடுத்துக்கொள்வார்?

ரவுண்ட்ஸில் உங்களுக்குக் கிடைப்பது நோயாளிக்கு ஒன்றரை நிமிடம். "62 வயது ஆண், பெருங்குடல் புற்றுநோய்க்கு வலது ஹெமிகோலெக்டமி, இன்று மூன்றாம் நாள்" என்று ஒரு வரியில் ஆரம்பியுங்கள். ஆபரேஷன் நடந்த நாள் பூஜ்ஜியம், மறுநாள்தான் ஒன்று, இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பிறகு இரவு நடந்தது, எண்கள், வயிறு எப்படி இருக்கிறது, கடைசியில் இன்று என்ன செய்யலாம் என்ற உங்கள் கருத்து. அந்தக் கடைசிப் பகுதியை நம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள், பெரியவர்கள் முன்னால் கருத்துச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நமக்குப் பழக்கம். அங்கே அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். தப்பாக இருந்தால் திருத்துவார்கள், அவ்வளவுதான். பார்க்காத எண்ணைப் பார்த்ததாக மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். "பார்க்கவில்லை, இப்போதே பார்க்கிறேன்" என்றால் யாரும் கோபிப்பதில்லை. இட்டுக்கட்டிச் சொன்னது தெரிந்துவிட்டால் மீதி நாட்களில் உங்கள் வாய்ச்சொல் எதையும் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் வாரம், குடலை வெட்டி இணைத்த ஒரு அம்மாவுக்கு ஐந்தாம் நாள். முந்தின மாலை நாடி 84, அன்று விடியற்காலை 118. காய்ச்சல் இல்லை, அவரும் நன்றாக இருக்கிறேன் என்கிறார், முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது. ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ரெசிடென்டைக் கூப்பிட்டேன். சிடி எடுத்தார்கள், இணைப்பில் கசிவு. காய்ச்சலுக்கு முன்னால் நாடிதான் ஏறும் என்று புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் முந்தின நாள் எண் என் சீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் 118 எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்திருக்கும். அன்று மதியம் அவரை மறுபடி ஓஆருக்குக் கொண்டுபோனபோது அட்டெண்டிங் என்னைப் பார்த்து, ஸ்க்ரப் செய்துவிட்டு வா என்றார். அதுவரை நான் டேபிளிலிருந்து இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

ஓஆருக்குள்

முந்தின இரவே மறுநாள் பட்டியலைப் பார்த்து ஒரு கேஸுக்கு நாலு விஷயம் படித்துவிடுங்கள்: இவருக்கு ஏன் இந்த ஆபரேஷன், உடற்கூறு, படிகள், என்ன தப்பு நடக்கலாம். பித்தப்பை என்றால் பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் நடுவில் உள்ள கேலட் முக்கோணமும், ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் 1995இல் சொன்ன 'கிரிட்டிக்கல் வியூ'வும் கட்டாயம் கேட்பார்கள்: முக்கோணத்தில் கொழுப்பும் சவ்வும் விலக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் போவது தெரிய வேண்டும். அதற்கு முன் கிளிப் போடக் கூடாது. அந்த நிமிடத்தில் கேமரா உங்கள் கையில் இருக்கலாம். அடிவானத்தை நேராக வையுங்கள், கருவியின் முனையைத் திரையின் நடுவில் வையுங்கள், 30 டிகிரி லென்ஸ் என்றால் லைட் கேபிளைத் திருப்பினால்தான் பார்வை திரும்பும் என்பதை முன்னாலேயே யாரிடமாவது கேட்டுப் பழகிவிடுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும், ஸ்க்ரப் செய்யாமல் அறை வேலைகளைப் பார்க்கும் சர்க்குலேட்டிங் நர்ஸிடம் போய்ப் பெயர் சொல்லி, பலகையில் எழுதி, கையுறை அளவைச் சொல்லி, கவுனும் கையுறையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். என்ன அளவு என்று தெரியாமல் போகாதீர்கள், ஊரிலேயே ஆறரையா ஏழா என்று போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். மோதிரம், வளையல், கையில் கட்டிய கோயில் கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். கயிறை அவிழ்க்க மனம் வராதவர்கள் ஊரிலேயே அம்மாவிடம் சொல்லிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறை என்றதும் ஒரு விஷயம்: 1889 வாக்கில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹால்ஸ்டெட் ரப்பர் கையுறை செய்யச் சொன்னது தன் ஸ்க்ரப் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனின் கை கிருமிநாசினியால் புண்ணாகிப் போனதற்காக. நோயாளிக்குக் கிருமி போகாமல் இருக்க என்பது பிறகு வந்த பயன். அடுத்த வருடம் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

வெட்டுவதற்கு முன் எல்லோரும் நிறுத்தி, நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். அந்த நேரத்தில் உங்கள் பெயரையும், மருத்துவ மாணவர் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2008 பட்டியலிலிருந்து பரவிய பழக்கம் இது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெயர் சொல்வதை மாணவர்கள் சடங்காக நினைத்து முணுமுணுக்கிறார்கள், சத்தமாகச் சொல்லுங்கள்.

ஸ்க்ரப் செய்த பின் கை மார்புக்கும் டேபிள் மட்டத்துக்கும் நடுவில். முதுகு சுத்தமில்லை என்று கணக்கு. எதையாவது தொட்டுவிட்டீர்கள் என்று சந்தேகம் வந்தாலே சொல்லிவிடுங்கள், ஒரு கையுறை மாற்றுவதோடு முடியும். ஸ்க்ரப் நர்ஸின் கருவி மேசையிலிருந்து நீங்களாக எதையும் எடுக்காதீர்கள். நூல் வெட்டச் சொன்னால் கத்தரியின் நுனியால் வெட்டுங்கள், எவ்வளவு நீளம் என்று கேட்டுவிட்டு. ரிட்ராக்டர் பிடித்து இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், அப்போது முழங்காலைப் பூட்டிக்கொண்டு நிற்காதீர்கள், காலையில் சாப்பிடாமலும் போகாதீர்கள். தலை சுற்றினால் சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து தரையில் உட்காருங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை, சர்ஜன்கள் பலருக்கும் மாணவராக இருந்தபோது நடந்ததுதான்.

கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, மறுநாள் படித்துவிட்டு வந்து நீங்களாகவே சொல்லுங்கள். அந்த மறுநாள்தான் அவர்களுக்கு நினைவில் நிற்கும்.

ஊசி குத்தினால், போட்டோ எடுத்தால்

ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள். கேஸ் நடுவில் சொல்லக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் உடனே சொல்லி வெளியே வந்து சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவி, ஊழியர் நலப் பிரிவுக்கோ எமர்ஜென்சிக்கோ போங்கள். எச்ஐவி உள்ளவரின் ரத்த ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு அந்த வாய்ப்பு 30 சதவீதம் வரைகூடப் போகும். அந்தத் தடுப்பூசிப் படிவத்தில் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

போட்டோ விஷயத்தில் நம் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இங்கே எக்ஸ்ரேயை ஃபோனில் படம் பிடித்து யூனிட் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். அங்கே நோயாளியின் தகவலைப் பாதுகாக்க 1996இல் வந்த ஹிப்பா சட்டம் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு வயிற்றுப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டதற்கே எலெக்டிவ் அன்றோடு முடியலாம். உங்கள் பட்டியலில் இல்லாத நோயாளியின் கோப்பைத் திறக்காதீர்கள், யார் எப்போது திறந்தார்கள் என்பது பதிவாகிறது. கேஸ் எழுதி வைக்க வேண்டுமா, வயதையும் நோயையும் மட்டும் எழுதுங்கள். கையிலிருக்கும் பட்டியல் தாளைக் கிழிப்பான் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், பஸ்ஸில் விட்டுவிட்டு வராதீர்கள்.

சிபாரிசுக் கடிதம்

இரண்டாம் வாரக் கடைசியில் ரெசிடென்டிடம் போய், எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். நன்றாகச் செய்கிறாய் என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் என்று கேளுங்கள், சொன்னதை மறுநாளே மாற்றிக்காட்டுங்கள். கடிதத்தை உங்களோடு நேரடியாக வேலை செய்த அட்டெண்டிங்கிடம் கேளுங்கள்; உங்கள் பெயர் தெரியாத துறைத் தலைவரின் நாலு வரியைவிட அவர் எழுதும் ஒரு பக்கம் பெரியது. கேட்கும்போது, "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா" என்றே கேளுங்கள், தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள். கடிதம் கிடைத்தாலும் ஜெனரல் சர்ஜரி மேட்ச் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கடினமானதுதான், பலர் பிரிலிமினரி என்ற ஒரு வருடத் தற்காலிக இடத்தில் தொடங்கி, கேட்டகாரிக்கல் என்ற ஐந்து வருட முழுப் பயிற்சி இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். வீட்டில் கடன் வாங்கி அனுப்புகிறார்கள் என்றால் இதை அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசி நாளன்று பேட்ஜையும் ஸ்க்ரப் உடையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு முன் உங்கள் நோயாளிகளிடம் போய், நாளை முதல் நான் வர மாட்டேன், இன்னார் வருவார் என்று சொல்லுங்கள். உங்களுக்கு அடுத்து வரும் மாணவருக்கு அவர்களைப் பற்றி ஒவ்வொருவருக்கும் மூன்று வரி எழுதிக் கொடுங்கள், அதில் நேற்றைய நாடித்துடிப்பையும் எழுதுங்கள்.